நடக்கும் காலில் அனிச்சையை அளப்பது

படுத்திருப்பவரிடம் எடுத்த ஹெச் அனிச்சை (நரம்பை மின்சாரத்தால் தூண்டும்போது தண்டுவடம் வழியாகச் சுற்றித் தசைக்கு வரும் பதில்) அளவை வைத்து, அவர் நடக்கும்போது தண்டுவடம் என்ன செய்கிறது என்று சொல்ல முடியாது. கெண்டைக்காலில் உள்ள சோலியஸ் தசையின் ஹெச் அலை (அந்த அனிச்சையின் மின்பதிவு), பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது மெல்ல வளர்ந்து, ஊன்றலின் பிற்பகுதியில் உச்சம் தொட்டு, கால் காற்றில் வீசும்போது கிட்டத்தட்ட மறைந்துபோகிறது. தசையின் இயக்கம் ஒரே அளவில் இருந்தாலும், நிற்கும்போது பெரிதாக வரும் அலை நடக்கும்போது சிறுக்கிறது என்பதை 1986இல் ஆய்வாளர்கள் கபடேயும் ஸ்டைனும் காட்டினார்கள். ஓடும்போது இன்னும் சிறுக்கும்.

இதை அளப்பதில் முக்கால்வாசித் தொல்லை, தோலில் ஒட்டித் தூண்டும் எலெக்ட்ரோடில்தான். முழங்காலின் பின்குழியில் கேத்தோடு (எதிர்மின்முனை), முழங்கால் சில்லுக்கு மேலே ஆனோடு (நேர்மின்முனை), 1 மில்லி விநாடித் துடிப்பு. தூண்டிய சுமார் 5 மில்லி விநாடியில் எம் அலையும் (தண்டுவடம் போகாமல் நரம்பிலிருந்து நேரே தசைக்கு வரும் பதில்), சுமார் 30இல் ஹெச் அலையும் திரையில் வரும். ஆனால் முழங்கால் மடங்கினால் நரம்புக்கும் எலெக்ட்ரோடுக்கும் இடையிலான தூரம் மாறிவிடும். கருவியில் அதே மில்லிஆம்பியர் இருக்கும். நரம்புக்குப் போய்ச் சேர்வது வேறாக இருக்கும். ஹெச் குறைந்ததும் தண்டுவடம் தடுக்கிறது என்று எழுதிவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது. எம் அலைதான் சாட்சி. அதை அதன் உச்ச அளவில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் பிடித்துவைக்க வேண்டும். அந்த வரம்பைத் தாண்டிய பதிவை, ஹெச் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், கழித்துவிட வேண்டும். தோலுக்கு அடியில் தசையும் நகர்வதால், உச்ச எம் அலையை நடையின் ஒவ்வொரு கட்டத்திலும் தனியாக எடுப்பது அவசியம். நேரம் பிடிக்கும் வேலைதான்; இதைச் செய்யாத தரவை நாம் நம்புவதில்லை.

அடுத்தது இடைவெளி. அடிக்கு அடி தூண்டினால் முந்தைய தூண்டலின் தாக்கமே அடுத்த அலையை அமுக்கிவிடும். சில அடிகளை விட்டுவிட்டு, ஆள் எதிர்பார்க்க முடியாதபடி தூண்ட வேண்டும். குதிகால் தரையைத் தொடும்போது இயங்கும் சுவிட்சை வைத்து அடியைக் கட்டங்களாகப் பிரிக்கிறோம்.

தோலின் உணர்ச்சி நரம்புகளைத் தூண்டும்போது வரும் தோல் நரம்பு அனிச்சையில் ஏமாறும் இடம் வேறு மாதிரி. கணுக்கால் அருகே டிபியல் நரம்பைச் சில துடிப்புகள் கொண்ட சிறு தொடராகத் தூண்டினால், முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத் தசையில் 70–80 மில்லி விநாடி வாக்கில் பதில் வரும். கால் வீச்சின் தொடக்கத்தில் அது தசையைத் தூண்டும். வீச்சின் முடிவில் அதே தூண்டல் அதே தசையை அடக்கும். எல்லா அடிகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் கூட்டலும் கழித்தலும் அடித்துப்போய், அனிச்சையே இல்லாததுபோலத் தெரியும். எனவே கட்டம் பிரித்து, தூண்டாத அடிகளின் ஈஎம்ஜியை (தசையின் மின்பதிவு) கழித்த பிறகே பார்க்க வேண்டும்.

கைகளையும் கவனிக்க வேண்டும். காலை அசைக்காமல் கைகளால் மட்டும் பெடல் சுற்றினாலும் சோலியஸ் ஹெச் அலை குறைகிறது. பல்லைக் கடித்தாலோ கை முஷ்டியை இறுக்கினாலோ எதிர்மாறாகக் கூடும். ஆகவே ட்ரெட்மில் கைப்பிடியை ஒருவர் ஒரு பதிவில் பிடித்துக்கொண்டும் அடுத்ததில் கைவீசியும் நடந்தால் இரண்டையும் ஒப்பிடக் கூடாது. தண்டுவடக் காயத்தால் தசை விறைத்தவர்களுக்குப் பெரும்பாலும் கைப்பிடி வேண்டியிருக்கும். அவர்களிடம் நாம் தேடுவது, வீச்சின்போது ஹெச் அலை அடங்காமல் நிற்கிறதா என்பதைத்தான். அதனால் அவர்களோடு ஒப்பிடப்படும் ஆரோக்கியமானவர்களையும் கைப்பிடியைப் பிடித்தபடி, அதே மெதுவான வேகத்தில் நடக்கவைத்தே பதிவு எடுக்கிறோம்.