ரிசர்வ் ஆர்மில நர்ஸா சேரலாமா? தங்கச்சிமடத்துல உக்காந்து யோசிக்கிறேன்

இப்ப தடைக்காலம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பா வீட்ல இருப்பாருன்னு பாத்துதான் இங்கிலாந்துல லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அங்க ஆர்மி ரிசர்வ்ல நர்ஸா சேரலாமான்னு ரொம்ப நாளா மனசுல ஓடுது, இதையெல்லாம் வீடியோ கால்ல பேசி முடிக்க முடியாது.

ரிசர்வ்னா முழுநேர வேலை இல்ல. ஆஸ்பத்திரி வேலைய விடாமலே, சேர்ற யூனிட்டைப் பொறுத்து வருஷத்துக்கு 19 நாளோ 27 நாளோ ட்ரெயினிங் போகணும், அதுக்கு சம்பளம் உண்டு, எல்லாத்தையும் ஒழுங்கா முடிச்சா வரி பிடிக்காம ஒரு தொகை தனியா வரும். கூப்பிட்டா போகணும், ஆனா திரும்பி வந்தா பழைய வேலைய குடுக்கணும்னு 1985-லயே அங்க சட்டம் போட்டுட்டாங்க. முன்னாடி ஆர்மில நர்ஸுங்களுக்கு தனிப் பிரிவு இருந்துச்சு, 2024 நவம்பர்ல டாக்டர், பல் டாக்டர், நர்ஸ் எல்லாரையும் சேத்து ராயல் ஆர்மி மெடிக்கல் சர்வீஸ்னு ஒண்ணாக்கிட்டாங்க.

எனக்கு ஆசை வந்தது காசுக்காக இல்ல. நான் எமர்ஜென்சி வார்டு, அங்க கைய நீட்டினா ஸ்கேன், ரத்தம், சர்ஜன் எல்லாம் வந்துரும். எதுவுமே இல்லாத இடத்துல ஒரு உயிரை எப்படி சில மணி நேரம் பிடிச்சு வைக்கிறதுன்னு ஆர்மில சொல்லித் தர்றாங்க, எங்க ஊருக்கு வேண்டியது அதுதான். நடுக்கடல்ல வலை இழுக்கிற வின்ச்சு மெஷின்ல கை மாட்டினவனை கரைக்கு கொண்டு வர எவ்வளவு நேரமாகும்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

அம்மா கேட்டதும் வேண்டாம்னுட்டாங்க. இந்தக் கரைல யூனிபார்ம்னா என்ன ஞாபகம் வரும்னு சொல்லவே வேண்டாம், எல்லை தாண்டினேன்னு இலங்கை நேவி அப்பாவை பிடிச்சுட்டுப் போனப்ப அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். "துப்பாக்கி பிடிக்கவா உன்னைய நர்ஸுக்கு படிக்க வச்சேன்"னு கேட்டாங்க. துப்பாக்கி தருவாங்கம்மா, ஆனா தன்னையும் நோயாளியையும் காப்பாத்த மட்டுந்தான், ஜெனீவா ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்குன்னு சொன்னேன். சமாதானமாகல.

அப்பா வலைய முடிஞ்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தாரு, கடைசில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "ஏத்தா, எதிராளி அடிபட்டு வந்தா அவனுக்கும் கட்டுப் போடுவியா?" போடணும்பா, யாருக்கு காயம் பெருசோ அவனுக்குத்தான் முதல்ல, எந்தப் பக்கம்னு பாக்கக் கூடாதுன்னேன். அப்பதான் சொன்னாரு, இலங்கை ஜெயில்ல இருந்தப்ப காலு சீழ் பிடிச்சு காய்ச்சல்ல கிடந்தாராம், ஒரு நர்ஸம்மா தினமும் வந்து கட்டு மாத்திட்டுப் போகுமாம், பேரு கூட தெரியாதாம். இத்தனை வருஷத்துல எங்ககிட்ட இதை அவரு சொன்னதே இல்ல. "அப்ப போ"ன்னாரு.

இப்ப என்னைய நிப்பாட்டி வச்சிருக்கிறது ஓசிஐ, அதாவது வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுத்த நம்ம ஆளுங்க விசா இல்லாம ஊருக்கு வந்து போக இந்தியா குடுக்கிற கார்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தாச்சு, இந்திய பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணியாச்சு, இந்த தடவை வந்ததே விசால தான். ஓசிஐ-க்கு அப்ளை பண்ணலாம்னு பாத்தா, வெளிநாட்டு ராணுவத்துல இப்ப இருக்கிறவங்க, ரிட்டயர் ஆனவங்க ரெண்டு பேருக்குமே அந்த கார்டு கிடையாதுன்னு விதி இருக்கு. ரிட்டயர் ஆனாலும் கிடையாதுன்னா அப்புறம் விலகி வந்தும் பிரயோஜனமில்ல. அம்மாவுக்கு சுகர், அப்பாவுக்கு வயசாகுது, ராத்திரி போன் வந்தா காலைல பிளைட் ஏறணும், அந்த நேரத்துல விசாவுக்கு காத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது. கார்டை முதல்ல வாங்கிட்டு அப்புறம் சத்தமில்லாம சேந்துருன்னு ஒரு பிரெண்டு சொன்னா, அது எனக்கு சரியாப் படல.

வருஷத்துல சில நாள் மட்டும் போற ரிசர்வும் இந்த விதில வருமான்னு இந்தியத் தூதரகத்துக்கு எழுத்துல கேட்டிருக்கேன். வரும்னு பதில் வந்தா சேர மாட்டேன், அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். இதே யோசனைல இருக்கிற நம்ம ஊரு நர்ஸுங்க யாராவது இருந்தா பாரத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நீங்களும் எழுதிக் கேட்டுருங்க, ரெக்ரூட்டிங் ஆபீஸ்ல இதைப் பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க, அது அவங்க நாட்டு சட்டம் இல்ல.