கௌரியும் எங்கள் சித்தியும்

தக்கலையில் விடாத மழை. விஜய் டெண்டுல்கரின் ‘காசிராம் கோத்வால்’ நாடகத்தை மறுபடி எடுத்தேன். 1972இல் மேடையேறிய மராத்தி நாடகம். புனேயின் கோத்வால், அதாவது நகரக் காவல் தலைவர், பதவிக்காகக் காசிராம் தன் மகள் கௌரியையே பேஷ்வாவின் அமைச்சர் நானா பட்னாவிஸிடம் ஒப்படைக்கிறான். வரிசையாக நிற்கும் பிராமணர்கள் மனிதச் சுவராகி, பாடி ஆடியே நடப்பதை மறைக்கிறார்கள். நையாண்டி அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. கௌரிக்குப் பேச்சு குறைவு; முன்பு அதை நாடகத்தின் குறை என்றே நினைத்தேன்.

சித்தி எங்கள் ஊராட்சி வார்டு உறுப்பினர். கையெழுத்து மட்டும் சித்தி, மற்றதெல்லாம் சித்தப்பா.

கதையைச் சொன்னேன். ஏத்தங்காய் சீவியபடியே, “அந்தப் பிள்ளைகிட்ட ஒருத்தனும் கேக்கலியா மக்கா?” என்றாள்.

திண்ணையில் சித்தப்பா போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஆமா, மெம்பர்தான் பேசுறேன்.”