கத்தரிக்காய்க் குடுவைகள்

உதய்ப்பூர் போய்விட்டு நேற்றிரவுதான் டெல்லி திரும்பினோம். ஏரி, அரண்மனை எல்லாம் சரி, என் மனதில் நிற்பது ஜாவர்தான். ஆரவல்லி மலையிடுக்கில் கைவிடப்பட்ட பழைய ஈயச் சுரங்கங்கள். 2000 ஆண்டுகளுக்கும் முன்பே, வெடிமருந்து இல்லாமல், விறகடுக்கித் தீமூட்டி, சூட்டில் விரிசல் விட்ட பாறையை உடைத்து எடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் துத்தநாகம். அது 907 டிகிரியில் ஆவியாகிவிடும், திறந்த உலையில் பிடிபடாது. கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளில் தாதுவை அடைத்து, உலைக்கு 36 வீதம் தலைகீழாக நிறுத்தி, ஆவியைக் கீழே குளிரவைத்துப் பிடித்தார்கள். எவ்வளவு பெரிய அறிவு! இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கியதே 1738இல்தான்.

பயன்படுத்தித் தீர்ந்த குடுவைகளை அடுக்கி வீட்டுச் சுவரும் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவரைத் தொட்டபோது கண் கலங்கிவிட்டது. மயூர் விஹார் நண்பர்களே, இந்த லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.