குரோமடோகிராமில் தெரியாத 2 சதவீதம்

மற்ற ஆய்வகங்கள் தங்கள் கருவிகளை அளவுதிருத்த, அதாவது சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுச் சரிசெய்ய, வாங்கும் பொருள்களைத் தயாரித்து, மதிப்பிட்டுச் சான்றளிப்பது எங்கள் ஆய்வகத்தின் தொழில். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு ஸ்டீராய்டின் தூய்மையைக் கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது. கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் வரைபடத்தில் ஒரு மேடாக, அதாவது பீக்காக, காட்டும் திரவ குரோமடோகிராஃபில் ஏற்றினேன். நடுவில் ஒரு பெரிய பீக், பக்கத்தில் கொசுறு மாதிரி இரண்டு மூன்று சின்னப் பீக்குகள். பரப்பளவைக் கணக்குப் போட்டால் 99.7 சதவீதம். மாலைக்குள் அறிக்கையை எழுதி மேடத்தின் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை அறிக்கை என் மேசையில் திரும்பிக் கிடந்தது. ஓரத்தில் பென்சிலில் ஒரே வரி: "என்எம்ஆர் என்ன சொல்கிறது?"

காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையை வைத்து அளக்கும் என்எம்ஆர், 97.6 என்று சொன்னது.

முதலில் என்எம்ஆர் மீதுதான் சந்தேகப்பட்டேன். தூய்மை தெரிந்த பென்சாயிக் அமிலத்தை எடைபோட்டு நம் பொருளோடு கரைத்து, இரண்டின் ஹைட்ரஜன் சமிக்ஞைகளையும் ஒப்பிடுவது அந்த முறை. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பப் போதுமான நேரம் விடாவிட்டால் கணக்கு தப்பும். காத்திருப்பு நேரத்தை 60 விநாடியாக ஏற்றி ஓர் இரவு முழுக்க ஓட்டினேன். காலையில் வந்து பார்த்தால் அதே 97.6. எடையை மறுபடி போட்டேன், கரைசலை மறுபடி தயாரித்தேன். எண் நகரவே இல்லை.

"சரி, இரண்டும் சரிதான்னு வெச்சுக்கோ. அப்போ மீதி 2 எங்கே போச்சு?" என்று கேட்டார் மேடம். அந்தக் கேள்விதான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது.

குரோமடோகிராஃபில் இருக்கும் புற ஊதா உணர்கருவி, அந்த ஒளியை உறிஞ்சுகிற மூலக்கூறுகளைத்தான் பார்க்கும். தண்ணீர் அதற்குத் தெரியாது. மிச்சமிருக்கும் கரைப்பானில் பெரும்பகுதியும் உப்பும் தெரியாது. தான் பார்த்த பொருள்களுக்குள் முதன்மைப் பொருளின் பங்கு 99.7 என்றுதான் அது சொன்னது. குப்பியில் உள்ள மொத்தத்தில் 99.7 என்று படித்துக்கொண்டது நான்.

பார்க்காததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடக் கிளம்பினோம். கார்ல் ஃபிஷர் முறையில் தண்ணீர் 0.3 சதவீதம். வாயு குரோமடோகிராஃபில் கரைப்பான் 0.1. இன்னும் ஒன்றரைக்கு மேல் பாக்கி. கடைசியில் பிளாட்டினத் தட்டில் கொஞ்சம் எடுத்து, எடையைப் பார்த்துக்கொண்டே சூடேற்றும் கருவியில் வைத்தோம். சுத்தமான கரிமப் பொருள் என்றால் காற்றோட்டத்தில் 700 டிகிரியில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. எடைக்கோடு இறங்கியது, இறங்கி 1.6 சதவீதத்தில் படுத்துவிட்டது. கருவி ஆறியதும் தட்டை வெளியே எடுத்தேன். அடியில் சுண்ணாம்பு தடவினது மாதிரி வெள்ளையாக ஒரு பூச்சு. சிலிக்கா. பொருளைத் தயாரித்தவர்கள் சிலிக்கா நிரப்பிய குழாய் வழியாகச் சுத்தம் செய்திருக்கிறார்கள். சுத்தம் செய்ததே அசுத்தமாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீர், கரைப்பான், சாம்பல் மூன்றும் சேர்ந்து 2.0. மீதமுள்ள 98.0-ல் 99.7 சதவீதம் என்றால் 97.7. என்எம்ஆர் சொன்னது 97.6. அப்போதுதான் எனக்கு உறைத்தது: என்எம்ஆர் குழாயின் அடியில் லேசான கலங்கலை முதல் நாளே பார்த்திருந்தேன். தூசி என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன்.

இரண்டு சதவீதத்துக்கா இத்தனை பாடு என்று வெளியாட்கள் கேட்பார்கள். எங்கள் குப்பியை வாங்குகிற ஆய்வகம் அதை வைத்துத் தன் கருவியை அளவுதிருத்தும். அந்தக் கருவியில் யாரோ ஒருவரின் ரத்தத்தில் ஹார்மோன் அளக்கப்படும். நான் 99.7 என்று சீட்டில் எழுதியிருந்தால், வாங்கிய எல்லா ஆய்வகங்களும் ஒரே மாதிரி இரண்டு சதவீதம் தப்பாக அளந்திருக்கும். ஒருவர் முடிவு இன்னொருவரோடு கச்சிதமாக ஒத்துப்போயிருக்கும். ஒத்துப்போவதால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

இதற்குப் பெரிய அளவில் நடந்த உதாரணம் 2008-ல் வெளிவந்த மெலமைன் கலப்படம். பாலில் புரதம் எவ்வளவு என்று கெல்டால் முறையில் பார்ப்பார்கள். அந்த முறை அளப்பது நைட்ரஜனை. புரதத்தில் நைட்ரஜன் ஏறத்தாழ 16 சதவீதம் என்பதால் கிடைத்த எண்ணைப் பொதுவாக 6.25 ஆல், பாலுக்கு 6.38 ஆல், பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலில் அதைப் போட்டால் புரத எண் ஏறிவிடும். முறை தான் அளக்க வேண்டியதைச் சரியாகவே அளந்தது. அது எதை அளக்கிறது என்பதை மறந்தவர்கள் மனிதர்கள்.

எடைபோடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் நாளில் பாதி அங்கேதான் போகிறது. கரிமப் பொடிகள் நிலைமின்சாரம் ஏறினால் கரண்டியிலிருந்து தாவித் தராசின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். சில பொடிகள் திறந்து வைத்த நிமிடத்திலிருந்து காற்றின் ஈரத்தைக் குடிக்க ஆரம்பிக்கும். மைக்ரோகிராமில் காட்டும் தராசின் கடைசி இலக்கம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும், எந்த இடத்தில் நிறுத்தி எண்ணைக் குறிப்பது என்று கை தவிக்கும். காற்று பொருளைக் கொஞ்சம் மேலே தூக்குவதை ஈடுசெய்யும் மிதப்புத் திருத்தம் பள்ளிப் பாடத்தோடு முடிந்துபோன விஷயம் என்று நினைத்திருந்தேன். அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை எடைபோட்டால் அந்த மிதப்பு மட்டுமே ஏறத்தாழ 0.14 சதவீதம் குறைத்துக் காட்டும். அதே கரைப்பானைக் குடுவையில் கன அளவாக அளந்தால், அறை ஒரு டிகிரி சூடேறும்போது ஏறத்தாழ அதே அளவு விரிந்துவிடும். அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் அளவுக் குடுவைகள் அலமாரியில் தூங்குகின்றன, எல்லாமே எடைதான்.

அப்புறம் அந்த வண்டல் விவகாரம். ஆற்றுப் படுகை வண்டலைக் காயவைத்து, அரைத்து, சலித்து, அதில் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற மாசுப் பொருள்களை மதிப்பிட்டுச் சான்றளிப்பது திட்டம். 900 கண்ணாடிக் குப்பிகள். ஆய்வகப் பேச்சில் அதற்கு 'வயல்' என்று பெயர். "இன்றைக்கு 300 வயலை நிரப்பினோம்" என்று வீட்டில் சொன்னால் ஏதோ நீர்ப்பாசனத் துறையில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

மூன்று நாளில் நிரப்பி முடித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக 12 குப்பிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று முறை அந்த மாசுகளில் ஒன்றான பென்சோ[ஏ]பைரீனை அளந்தோம். அளந்த வரிசை குலுக்கல் முறையில் போட்டது. நிரப்பிய வரிசையிலேயே அளந்தால், கருவி மெல்ல நகர்ந்ததா, மண் மாறியதா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். முடிவுகளை நிரப்பிய எண்ணுக்கு எதிரே வரைந்து பார்த்தேன். முதல் குப்பிகளில் அதிகம், கடைசிக் குப்பிகளில் குறைவு, நடுவில் சரிவான பாதை. மொத்தம் 4 சதவீதம் இறக்கம்.

காரணம் நிரப்பும் இயந்திரம். அதன் கூம்பு அதிர்ந்துகொண்டே மண்ணைக் கீழே தள்ளும். அதிர்வில் நுண்ணிய துகள்கள் பெரிய துகள்களின் இடுக்கு வழியே கீழிறங்கிவிடுகின்றன, முதலில் குப்பிக்குள் விழுவதும் அவைதான். இந்த ஹைட்ரோகார்பன்கள் அதிகம் ஒட்டியிருப்பதும் நுண்ணிய துகள்களில். புள்ளியியலில் அதைக் 'குப்பிகளுக்கிடையிலான வேறுபாடு' என்று போட்டு, நிச்சயமின்மையை, அதாவது மதிப்போடு போடும் ± வரம்பை, பெரிதாக்கிச் சான்றிதழில் எழுதியிருக்கலாம், விதிப்படி தவறில்லை. மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. 900 மூடிகளைத் திறந்து, மண்ணை டிரம்மில் கொட்டி, இன்னும் பொடியாக அரைத்து, மறுபடி கலந்து, இந்த முறை அதிர்வு இல்லாமல் கையால் கரண்டியில் அள்ளிப் போட்டோம். என் வலது கட்டைவிரல் இரண்டு வாரம் மூடி திருகும் வடிவத்திலேயே மடங்கி நின்றது.

அதே மண்ணில்தான் ஐசோடோப்பு நீர்த்தல் முறையின் எல்லையையும் கற்றுக்கொண்டேன். அளக்க வேண்டிய மூலக்கூறையே, அதன் கார்பன்களில் சிலதைச் சற்றுக் கனமான கார்பன்-13 ஆக மாற்றி, எடை தெரிந்த அளவில் மாதிரியில் சேர்த்துவிடுவோம். வழியில் எவ்வளவு சிந்தினாலும் இரண்டும் சேர்ந்தே சிந்தும், விகிதம் மாறாது, அந்த விகிதத்தை மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரிக்கும் மாஸ் ஸ்பெக் கருவி சொல்லிவிடும். கேட்கும்போது மந்திரம் மாதிரி இருக்கும். மந்திரம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: சேர்த்ததும் ஏற்கெனவே இருந்ததும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். நாம் நேற்றுச் சேர்த்தது மண்துகளின் மேற்பரப்பில் இருக்கிறது, கரைப்பான் பட்டதும் ஓடிவந்துவிடும். பல ஆண்டுகளாக உள்ளே குடியிருப்பது துகளின் பொந்துகளில் இறுகிக் கிடக்கிறது. சேர்த்தது 100 சதவீதம் திரும்பி வந்துவிட்டது என்று மகிழ்ந்தால், உள்ளே கிடப்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லியிருக்காது. எங்கள் முதல் தொடர் 100 டிகிரியில் பிரித்தெடுத்தது. சேர்த்தது முழுக்க வந்தது. 150-க்கு ஏற்றினோம், கிடைத்த மதிப்பும் ஏறியது. 200-ல் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் நேரத்தைக் கூட்டியும் கரைப்பானை மாற்றியும் ஏறாமல் நின்ற பிறகுதான் மூச்சு வந்தது.

இன்னொரு தடவை இதே முறையில் நான் நேரடியாகவே சறுக்கினேன். எஸ்ட்ராடியோல் என்ற ஹார்மோனை அளக்கும் ஓர் ஒப்பீட்டுச் சுற்று. பல ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரி போகும், எல்லோரும் முடிவை அனுப்பிய பிறகுதான் மதிப்பு வெளியாகும், அனுப்பியதைத் திருத்த முடியாது. நாங்கள் வைத்திருந்த அடையாளமிட்ட எஸ்ட்ராடியோலில் பென்சீன் வளையத்தின் இரண்டு ஹைட்ரஜன்களுக்குப் பதில் டியூட்டீரியம், அதாவது கன ஹைட்ரஜன். மாதிரியை அமிலத்தில் சூடாக்கும் படி ஒன்று உண்டு. அந்த வளையத்தில் ஃபீனால் தொகுதிக்குப் பக்கத்து இடங்களில் இருக்கும் டியூட்டீரியம் சூடான அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, சாதாரண ஹைட்ரஜன் அந்த இடத்துக்கு வந்துவிடும். அடையாளம் தொலைத்த மூலக்கூறைக் கருவி மாதிரியில் இருந்ததாக எண்ணிக்கொள்ளும். அளவுதிருத்தக் கலவைகளையும் அதே அமிலத்தில் சூடாக்கியிருந்தால் பிழை பெருமளவு ஈடாகியிருக்கும். நேரம் மிச்சம் என்று அவற்றை நேராகக் கருவியில் போட்டேன். வரைபடம் வந்தபோது எங்கள் புள்ளி மேலே தனியாக நின்றது, அதன் நிச்சயமின்மைக் கோடு வெளியான மதிப்பைக் காட்டும் நடுக்கோட்டைத் தொடக்கூட இல்லை. மதிப்பு 1.5 சதவீதம் கூடியதை விட, கோடு அத்தனை குட்டையாக இருந்ததுதான் வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு நாட்டின் அளவுத் தரங்களையும் பேணும் தேசிய அளவியல் நிறுவனங்களும் இப்படித்தான் தங்களைச் சோதித்துக்கொள்கின்றன. அவற்றின் வேதியியல் ஆலோசனைக் குழு 1993-ல் தொடங்கியது. தூய்மை ஒப்பீட்டுக்கு அது எடுத்த பொருள்களில் எஸ்ட்ராடியோல், ஆல்டிரின், வாலின், ஃபோலிக் அமிலம் எல்லாம் உண்டு. ஃபோலிக் அமிலத்தை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். படிக நீரே ஏழு சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடிய பொருளில், குரோமடோகிராமை மட்டும் நம்பினால் கதை என்னவாகும்!

இந்தத் துறையில் மற்றவர்களோடு பேசும்போது ஒரு விசித்திரம் உறுத்தும். வேதியியலாளர் வில்லியம் ஹார்விட்ஸ் 1980-ல் எழுதிய விதிப்படி, ஆய்வகங்களுக்கிடையே பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் 16 சதவீதச் சிதறலும், நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் 45 சதவீதச் சிதறலும் எதிர்பார்க்கலாம். அப்படிப்பட்ட உலகத்துக்கு நாங்கள் 0.3 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம்.

வாங்குகிறவர்கள் இதை வேறு மாதிரி பார்க்கிறார்கள். ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "உங்கள் ± 2.4 சதவீதம், இன்னொருவர் 0.5 போட்டிருக்கிறாரே, நீங்கள் ஏன் இவ்வளவு மோசம்?" அந்த 0.5-ல் குப்பிக்குக் குப்பி உள்ள வேறுபாடும் நாள்பட்ட நிலைப்புத்தன்மையும் சேர்ந்திருக்கின்றனவா என்று அந்தச் சான்றிதழைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாரோ இல்லையோ, ஆர்டர் அங்கேதான் போனது.

நிலைப்புத்தன்மை என்றதும் நினைவுக்கு வருவது, பெல்ஜியத்தின் ஹேலில் இருக்கும் ஐரோப்பிய ஆய்வு மையத்தினர் 1998-ல் விவரித்த ஒரு முறை. மாதாமாதம் அளந்தால் கருவியின் நகர்வும் பொருளின் சிதைவும் குழம்பிவிடும். அதனால் குப்பிகளை வெவ்வேறு மாதங்களில் சூட்டிலிருந்து எடுத்துக் கடுங்குளிருக்கு மாற்றி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் அளந்துவிடுவது. இவ்வளவு எளிமையானது எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமைப்பட்ட வெகு சில விஷயங்களில் அது ஒன்று.

அந்த வண்டல் இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை மூன்று குப்பிகளைத் திறந்து, மதிப்பு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். கண்காணிக்க ஒதுக்கியதில் 14 குப்பிகள் பாக்கி. அடுத்த மாதம் மூன்றை எடுக்க வேண்டும். திறந்ததும் ஒரு குப்பியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன், அடியில் ஏதாவது பூச்சு தெரிகிறதா என்று. மண்ணில் அப்படி ஒன்றும் தெரியாதுதான், இருந்தாலும் கை தானாகவே தூக்கிவிடுகிறது.