ஒலிக்கு ஒரு திருகல்

சன்னல் கொசுவலைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேல் வலையைச் சற்றே திருப்பினால், வலைக்கண்களைவிடப் பல மடங்கு பெரிய திட்டுகள் தென்படும். மொய்ரே எனப்படும் இக்கோலம், திருகல் குறையக் குறையப் பெரிதாகிக்கொண்டே போகும்.

2018-இல் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரியோ-எரெரோவின் குழு, கார்பன் அணுக்கள் ஒற்றை அடுக்காக அமைந்த இரு கிராஃபீன் தாள்களைச் சுமார் 1.1 பாகை திருகி அடுக்கிக் கடுங்குளிரில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக்கியது. அக்கோணத்தை ஒட்டி எலக்ட்ரான்களின் வேகம் ஏறத்தாழ அற்றுப்போகும் என்று இயற்பியலாளர்கள் பிஸ்ட்ரிட்ஸரும் மெக்டொனால்டும் 2011-லேயே கணித்திருந்தார்கள். மீக்கடத்தலுக்கு எலக்ட்ரான்கள் வேண்டும். வேகம் குறைவதோ எலக்ட்ரான்களின் அலைத்தன்மையால்; அதற்கு அலைகளே போதும், அவை ஒலியலைகளாகவும் இருக்கலாம்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் யுன் ஜிங்கின் குழுவும் ஹார்வர்டில் ஜெனிஃபர் ஹாஃப்மனின் குழுவும் இதைக் கணக்கிட்டுக் காட்டின. ஹார்வர்டு வடிவமைப்பில், தேன்கூட்டு வரிசையில் துளையிட்ட இரு எஃகுத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பாலிஎத்திலீன் தாள் இருக்கிறது. ஒரு தகட்டின் ஒலி மறுதகட்டுக்கு எவ்வளவு கசியும் என்பதை அந்தத் தாளின் தடிமனே தீர்மானிக்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது இந்தத் தாள்தான். துளை வரிசை ஒரு சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருவதாகக் கொண்டால், 1.1 பாகைத் திருகலில் மொய்ரேயின் ஒரு திட்டு சுமார் 52 செ.மீ. அகலமாகி, அதற்குள் மட்டுமே இரு தகடுகளிலுமாக 10,000 துளைகளுக்கு மேல் வேண்டியிருக்கும். திட்டுகள் சிலவாவது அமைய வேண்டுமென்றால் தகடு அறையை அடைத்துக்கொள்ளும். தாளை மெலிதாக்கினால் கசிவு கூடி, ஒலியின் வேகம் அற்றுப்போகும் கோணமும் பெரிதாகிறது. 5 பாகைக்குக் கொண்டுவந்துவிட்டால் திட்டு 11.5 செ.மீ.யில் அடங்கிவிடும். கிராஃபீனில் இப்படி இரு தாள்களுக்கிடையேயான இணைப்பைக் கூட்ட, தாள்களைப் பேரழுத்தத்தில் நெருக்க வேண்டும்.

திருகலின் பயன் வேகக்குறைப்போடு முடிவதில்லை. ஒரு திசையில் ஒருவிதமாகவும் குறுக்குத்திசையில் வேறுவிதமாகவும் ஒலியை நடத்தும் மெட்டாமெட்டீரியல் (நுண்வடிவங்களால் செயற்கையாக அமைத்த பொருள்) பரப்புகள் இரண்டை அடுக்கித் திருகினால், குறிப்பிட்ட கோணத்தில் ஒலி விரிந்து சிதறாமல் ஒரே கோடாக ஓடும். பொருளை மாற்ற வேண்டியதில்லை, தகட்டைத் திருப்பினால் போதும்.

இதைக் கொண்டு மீயொலிக் கருவிகளை நுணுக்கமாக்கலாம் என்று எழுதுகிறார்கள். ஆகலாம்தான்; ஆனால் குறுகிய துளைகளின் சுவரோரத்தில் காற்றின் பிசுக்குமை (ஓட்டத்தை எதிர்க்கும் உள்ளுராய்வு) ஒலியாற்றலை வெப்பமாக்கிவிடுகிறது. மெதுவாகப் போகும் ஒலி துளைகளுக்குள் தங்கும் நேரமும் அதிகம் என்பதால் இழப்பும் அதிகம். எனவே இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது, ஒலி எவ்வளவு மெதுவானது என்பதற்கு முன்னால் எவ்வளவு மிஞ்சியது என்பதையே நான் தேடிப் பார்க்கிறேன்.