உப்பும் தேசிக்காயும் செத்த பற்றரியும்

பிக் மட்ச் பற்றியும் இல்ல விளையாட்டுப் போட்டி பற்றியும் எழுத எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனபடியால் நான் பற்றரியைப் பற்றி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் எங்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்ற வருடக்காரருக்காகச் சொல்கிறேன்: 1990 நடுப்பகுதியில் யுத்தத்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பற்றரி அரசு தடைசெய்த பொருட்களின் பட்டியலில் ஏறியது, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்கும் காலம் வந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு எண்ணெய், மேலே ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் ஓமின் விதியைப் பாடமாக்கினோம். கரண்டே இல்லாத ஊரில் மின்னியல் படித்த கூட்டம் நாங்கள், அதுவும் நன்றாகவே படித்தோம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குக் காரணம் எங்கள் விஞ்ஞான சேர். ஆய்வுகூடத்தில் உருப்படியாக எதுவும் மிஞ்சவில்லை, ஆகவே அவர் குசினிச் சாமான்களுக்கு இறங்கினார். "நாளைக்கு ஆளுக்கொரு தேசிக்காயும் செத்த பற்றரியும் கொண்டு வாங்கோ" என்பார். தேசிக்காய், அதாவது எலுமிச்சை, கிடைக்கும். செத்த பற்றரி கொண்டுவருவது அவ்வளவு லேசில்லை, ஏனென்றால் எந்த வீட்டிலும் பற்றரி முழுதாகச் செத்ததாக யாரும் ஒத்துக்கொள்வதில்லை. வெயிலில் காயவைப்பார்கள். ஆணியால் துளைபோட்டு உப்புத் தண்ணீர் விட்டு மெழுகால் அடைப்பார்கள். பழைய பற்றரிகளைக் குழாய் ஒன்றுக்குள் வரிசையாக அடுக்கி ரேடியோவுக்குக் கொடுத்து பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். ஊர் முழுக்கச் செய்த வேலைதான் இது. ஏன் வேலை செய்கிறது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் சேர்.

ஒரு பற்றரியை நெடுக்காக வெட்டிக் காட்டினார். வெளியே நாகத் (துத்தநாகத்) தகரம், நடுவே காபன் கோல், இடையில் மங்கனீசு ஈரொட்சைட்டுக் கரி, நவச்சாரம் கலந்த பசை. பசை காய்ந்தால் அயன்கள், அதாவது மின்னேற்றம் உள்ள துணிக்கைகள், நடமாட வழியில்லை, பற்றரிக்குள்ளேயே மின்னை மறிக்கும் உள்தடை ஏறிவிடும். உப்புத் தண்ணீர் விட்டால் அந்த வழி கொஞ்சம் திறக்கும், அவ்வளவுதான். நாகம் கரைந்து ஓட்டையான பற்றரிக்குக் கடலையே ஊற்றினாலும் பயனில்லை. இது விளங்கிய பிறகு ஊரில் பற்றரிக்கு வைத்தியம் பார்க்கும் வேலை எங்கள் வகுப்புப் பெடியளுக்கு வந்தது. தகரத்தைத் தட்டிப் பார்த்து, இது பிழைக்கும், இது பிழைக்காது என்று பெரிய ஆட்கள் மாதிரிச் சொல்லித் திரிந்தோம்.

அந்த வெட்டிய நாகத் தகரத்தில் ஒரு துண்டும், எரிந்துபோன மோட்டரிலிருந்து உருவிய செப்புக் கம்பியும் தேசிக்காய்க்குள் போனால் ஒரு மின்கலம். கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வரும். ரோச் பல்பைத் தொடுத்தால் ஒரு சிவப்பு நூல்கூடத் தெரியாது. எங்களுக்கு ஏமாற்றம், சேருக்குக் கொண்டாட்டம். அவருக்கு வேண்டியது அந்தக் கேள்விதானே. பல்பு கேட்பது 0.3 அம்பியர், தேசிக்காய் தருவது ஓரிரு மில்லி அம்பியர், சில வேளை அதுவும் இல்லை. வோல்ட் இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால் என்ன குறைகிறது என்று ஒரு பாடவேளை முழுக்க எங்களையே பேசவிட்டார்.

அப்ப கரண்ட் வருகிறது என்பதற்கு என்ன சாட்சி? ஸ்பீக்கர் காந்தத்தில் உரசிய தையல் ஊசியை நூலில் தொங்கவிட்டு, சுற்றிவர நூற்றுக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பி. அதுதான் எங்கள் கல்வனோமானி. தேசிக்காயைத் தொடுத்ததும் ஊசி லேசாகத் திரும்பும், கழற்றினால் திரும்பி வரும். 1820 இல் ஏர்சுடெட் கண்டது இதைத்தான் என்று சேர் சொன்னபோது, அந்த டென்மார்க்காரரும் எங்களைப்போல வாங்கில்தான் இருந்திருப்பார் என்று நினைத்தோம். பிறகு உப்புக் கரைசல், வினாகிரி, பழப்புளிக் கரைசல் எல்லாம் ஊசிக்குக் காட்டினோம். சீனிக் கரைசல் மின்னைக் கடத்தாது என்ற பரிசோதனையை மட்டும் சேர் வாயாலேயே நடத்தி முடித்தார். சீனி இருந்த விலைக்கு அது நியாயம்தான்.

"கரண்ட் தேசிக்காயில இருந்து வரேல்லை, நாகம் கரையிறதால வருது" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அந்தத் தேசிக்காய்களைக் கறிக்கு விடலாமா என்று என் அம்மா கேட்டு அனுப்பியபோதும் அவர் கொடுத்த பதில் அதேதான்: நாகம் அதற்குள் கரைந்திருக்கிறது, எறியச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு அவர்மேல் அன்றையிலிருந்து ஒரு மனக்குறை.

அடுத்தது சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து ஒருத்தன் பெடலைக் கையால் சுற்ற, அதை அப்பச்சோடாக் கரைசலில் நின்ற இரண்டு பென்சில் கரிகளுக்குக் கொடுத்தோம். புத்தகப்படி ஒரு பக்கம் ஐதரசன், மற்றப் பக்கம் ஒட்சிசன், குமிழி இரண்டுக்கு ஒன்று. எங்களுக்கோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பொங்கியது. டைனமோ தருவது ஆடலோட்டம், நேர், மறை இரண்டும் நொடிக்குப் பல தடவை இடம் மாறுகின்றன என்று அன்றுதான் உறைத்தது. டைனமோவில் ரேடியோ கேட்ட அண்ணைமார் நடுவில் ஏன் ஒரு திசையில் மட்டும் மின்னை விடும் டயோட்டு வைத்தார்கள் என்பதும் அதோடு விளங்கியது.

இங்கே லண்டனில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்குப் பற்றரி செய்யச் சொல்கிறார்கள், கடையில் பெட்டியாகவே விற்கிறது. குறைசொல்ல மாட்டேன். ஆனால் விளக்கு எரிந்ததும் பரிசோதனை முடிந்துவிடுகிறது, எங்களுக்கு எரியாத இடத்தில்தான் தொடங்கியது. உருளைக்கிழங்கை அவித்தால் உள்தடை குறைந்து கூடுதல் மின் வரும் என்று எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் காட்டியிருக்கிறார்கள், களனிப் பல்கலைக்கழகத்தில் வாழைத்தண்டை அவித்தும் பார்த்திருக்கிறார்கள். சேர் அறிந்தால் அடுத்த நாளே ஆளுக்கொரு தண்டு கேட்டிருப்பார்.

வீட்டில் பிள்ளைகளோடு செய்ய விரும்புகிறவர்களுக்கு: இந்தக் காலத்து அல்கலைன், லித்தியம் பற்றரி எதையும் வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், முந்தியதில் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு இருக்கிறது, பிந்தியது தீப்பிடிக்கும். நாகம் பூசிய ஆணி போதும். செப்புக்கு 1992க்கு முந்திய பிரித்தானிய 2 பென்ஸ் நாணயக் குற்றி நல்லது, அது வெண்கலம். பிறகு வந்தவற்றில் அநேகமானவை செப்புப் பூசிய இரும்பு, காந்தம் பிடித்தால் விட்டுவிடுங்கள். நான்கு சின்னக் கிண்ணத்தில் வினாகிரி, ஒன்றின் ஆணியை அடுத்ததன் குற்றியோடு கம்பியால் தொடுத்தால் ஒரு சிவப்பு எல்.ஈ.டி. மங்கலாக எரியும். எரியாவிட்டால் முதலில் எல்.ஈ.டி.யைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், நீளக் கால் குற்றிப் பக்கம் வரவேண்டும்.