போர்க்கால பிரிட்டனின் பங்கீட்டு அளவில் சமைத்துப் பார்த்தபோது

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் வயது வந்த ஒருவருக்கு வழங்கப்பட்ட வாரப் பங்கீட்டின் அளவுக்குள் சமைத்துச் சாப்பிடுவதைச் சில காலமாகப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன். போர்முனைக்குப் போகாதவர்களின் வாழ்க்கையைப் போர் எப்படி மாற்றியது என்பதை அறிய, தராசும் ஒரு பழைய அளவுப் பட்டியலும் கைகொடுக்கும் என்று தோன்றியது. இதுவரை செய்து பார்த்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

பங்கீடு 1940 ஜனவரி 8 அன்று பதப்படுத்திய பன்றி இறைச்சி (பேக்கன், ஹாம்), வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றோடு தொடங்கியது. மார்ச்சில் மற்ற இறைச்சிகளும் ஜூலையில் தேயிலையும் சேர்ந்தன. அளவுகள் அவ்வப்போது ஏறி இறங்கியதால், போர்க்காலத்தின் பெரும்பகுதிக்குப் பொதுவாகப் பொருந்தும் பட்டியலை எடுத்துக்கொண்டேன்: வாரத்திற்கு வெண்ணெய் 2 அவுன்ஸ், வெண்ணெய்க்கு மாற்றான மார்கரின் 4 அவுன்ஸ், சர்க்கரை 8 அவுன்ஸ், தேயிலை 2 அவுன்ஸ், பாலாடைக்கட்டி 2 அவுன்ஸ், பால் 3 பைண்ட், கிடைத்தால் ஒரு முட்டை. ஓர் அவுன்ஸ் என்பது 28 கிராமுக்குச் சற்றே அதிகம், ஒரு பைண்ட் என்பது அரை லிட்டருக்குச் சற்றே அதிகம். இறைச்சியை மட்டும் எடையால் அளக்காமல் விலையால் அளந்தார்கள் என்பதால், மலிவான துண்டுகளை வாங்கத் தெரிந்தவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது. நான் இறைச்சி உண்பதில்லை. இறைச்சிப் பங்கை விட்டுக்கொடுப்பவர்களுக்குக் கூடுதல் பாலாடைக்கட்டி தரும் விதி அன்றே இருந்ததால், அதன் நிழலில் ஒதுங்கிக்கொண்டேன்.

தேயிலையும் சர்க்கரையும் நான் அஞ்சிய அளவுக்குத் தொல்லை தரவில்லை. கோப்பைக்கு இரண்டரை கிராம் போட்டால் நாளுக்கு மூன்று கோப்பைத் தேநீர் தேறுகிறது. வெண்ணெய்தான் சோதித்தது. ஒரு நாளின் பங்கு 8 கிராம். அதைக் கத்தி முனையில் எடுத்து ரொட்டித் துண்டின் ஓரம்வரை இழுத்தால் நடுவில் ரொட்டியின் நிறம் தெரியும், நடுவில் கனமாக வைத்தால் ஓரம் வறண்டுவிடும். வெண்ணெய் சுற்றி வந்த தாளைக்கூடத் தூக்கிப் போடாமல், பேக்கிங் தட்டில் எண்ணெய்ப் பசை தடவ அதைப் பயன்படுத்துவது அக்காலத்து வழக்கம். செய்து பார்த்தால் அது கஞ்சத்தனமாகத் தோன்றுவதில்லை, தட்டின் அடிப்புறம் முழுவதற்கும் அந்தத் தாள் ஒன்றே போதுகிறது.

அடுத்து ரொட்டி. போர் நடந்த காலம் முழுவதும் பிரிட்டனில் ரொட்டிக்குப் பங்கீடு கிடையாது. ஆனால் 1942-இல் வெள்ளை ரொட்டியை நிறுத்திவிட்டு, கோதுமையின் 85 விழுக்காட்டை மாவாக எடுத்துச் சுடும் 'நேஷனல் லோஃப்' என்ற ரொட்டியைக் கொண்டுவந்தார்கள். முழுக்கோதுமை மாவையும் மைதாவையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்தால் அந்த விகிதத்தின் அருகில் வரலாம் என்று கணக்கிட்டுப் பிசைந்தேன். சாம்பல் நிறச் சாயலும் ஈரம் பிடித்த உட்புறமுமாக அடர்த்தியான ரொட்டி வந்தது. மக்கள் இதை வெறுத்தார்கள் என்பதை நம்ப முடிகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது என்பது வேறு. வேறு ரொட்டியே கிடைக்காது என்ற நிலையில் அதைத் தின்றவர்களோடு என் விருப்பத்தை ஒப்பிட முடியாது.

இந்த ரொட்டிக்குப் பின்னால் இருப்பது கப்பலின் இடக்கணக்கு. போருக்கு முன் பிரிட்டன் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் உணவுப் பொருட்களைக் கடல் வழியே இறக்குமதி செய்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்த வழியைத்தான் குறிவைத்தன. ஒரே அளவு கோதுமையிலிருந்து கூடுதல் மாவு எடுத்தால் அவ்வளவு கப்பல் இடம் மிச்சம். அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைப் பொடியும் இதே கணக்கில் பிறந்தது: ஓட்டையும் தண்ணீரையும் கடல் கடந்து சுமப்பானேன்? ஒரு மேசைக்கரண்டிப் பொடிக்கு இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் சேர்த்தால் ஒரு முட்டை என்பது விதி. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டுகிறது, சிறிது சிறிதாக ஊற்றிக் குழைத்து, சற்று ஊறவிட்ட பிறகே அடிக்க வேண்டும். கேக்கில் வித்தியாசம் தெரியவில்லை. ஆம்லெட்டாகப் போட்டால் ரப்பரை மெல்வது போல் இருக்கிறது.

உணவு அமைச்சர் வூல்டன் பிரபுவின் பெயரைத் தாங்கிய 'வூல்டன் பை' (pie) என்ற, மேலே மூடிச் சுடும் காய்கறிப் பண்டத்தைச் செய்யாமல் இந்தப் பொழுதுபோக்கு நிறைவடையாது. லண்டன் சவாய் ஹோட்டலின் தலைமைச் சமையற்காரர் உருவாக்கிய அந்தச் செய்முறை 1941 ஏப்ரலில் வெளியாயிற்று. உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், கேரட், டர்னிப் வகைக் கிழங்கு ஆகியவற்றை வெங்காயத்தாளோடும் ஒரு கரண்டி ஓட்ஸோடும் வேகவைத்து, மேலே உருளைக்கிழங்கு மசியலையோ கோதுமை மாவையோ மூடிச் சுட வேண்டும். வெங்காயம் ஏன் தாளாக மட்டும் வருகிறது என்று யோசித்தேன். பிரிட்டனுக்கு வெங்காயம் அனுப்பிவந்த பிரெஞ்சுக் கடற்கரையும் ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளும் 1940-இல் ஜெர்மனியர் கைக்குப் போனதும், வெங்காயம் குலுக்கலில் பரிசாகக் கொடுக்கும் அளவுக்கு அரிதாகிவிட்டது. வதக்கிய வெங்காயம் இல்லாத அந்தக் குழம்பு தட்டையாகத்தான் இருக்கிறது; உப்பு கூட்டினாலும் தீரவில்லை.

எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது வைக்கோல் பெட்டி. எரிபொருளை மிச்சப்படுத்த அன்றைய அரசு பரிந்துரைத்த முறை இது. மரப்பெட்டியில் வைக்கோலை இறுக்கி அடைத்து, பாத்திரம் உட்காரும் அளவுக்கு நடுவில் குழி அமைத்து, மேலே வைக்க வைக்கோல் திணித்த மெத்தை ஒன்றைத் தைத்தேன். கிழங்கும் பட்டாணியும் போட்ட குழம்பைக் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு, கொதி அடங்குமுன் உள்ளே வைத்து மூடிவிட்டால், காலையில் வைத்தது மாலையில் வெந்திருக்கிறது. சாப்பிடுமுன் மறுபடி நன்றாகக் கொதிக்கவைப்பது கட்டாயம். வெதுவெதுப்பில் நெடுநேரம் இருந்த உணவை அப்படியே உண்பது ஆபத்து. பெட்டி அடுப்பின் நேரத்தைக் குறைத்தாலும் திட்டமிடும் நேரத்தைக் கூட்டிவிடுகிறது, ஏனெனில் இரவு உணவை விடியற்காலையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

இவ்வளவு செய்த பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: கப்பலில் மிச்சமான இடம், சமையலறையில் யாரோ ஒருவரின் நேரமாகச் செலவாகியிருக்கிறது. வயிறு நிறையத்தான் செய்கிறது. கேம்பிரிட்ஜில் ஊட்டச்சத்து ஆய்வாளர்களான ராபர்ட் மெக்கான்ஸும் எல்சி விடோசனும் போரின் தொடக்கத்திலேயே கடுமையான பங்கீட்டு உணவைத் தாங்களே உண்டு சோதித்து, பிறகு லேக் மாவட்டத்தின் மலைகளில் ஏறித் தங்கள் உடல் வலுவைப் பரிசோதித்தார்கள். உடல் தாங்கியது, அவ்வளவு ரொட்டியை மென்று முடிக்க நேரம் பிடித்ததும் வாயுத் தொல்லையும்தான் குறைகளாகத் தெரிந்தன. சமையல் நேரமும் வரிசையில் நின்ற நேரமும் அந்தச் சோதனையின் கணக்கில் வரவில்லை. 1941 டிசம்பரில் 20 முதல் 30 வயதுவரையுள்ள மணமாகாத பெண்களையும் அரசு கட்டாயப் பணிக்கு அழைத்தது. மணமான பெண்களும் பெருமளவில் தொழிற்சாலைக்குப் போனார்கள். வேலை முடிந்து வந்து வரிசையில் நின்று, பிறகு மேலே சொன்ன கிழங்குகளைத் தோல் சீவியவர்களும் அவர்களே. கூப்பன் கேட்காத தொழிற்சாலை உணவகங்களும் 'பிரிட்டிஷ் ரெஸ்டாரன்ட்' என்ற பொது உணவகங்களும் ஏன் அவ்வளவு வேகமாகப் பெருகின என்பது, அந்த வேலைப்பளுவை ஓரளவு சுமந்து பார்த்தபின் எனக்கு வியப்பாக இல்லை.

உடைக் கணக்கை இப்போதுதான் தொட்டிருக்கிறேன். 1941 ஜூன் 1 அன்று உடைப் பங்கீடு தொடங்கியபோது ஆண்டுக்கு 66 கூப்பன்கள். ஆண்களின் முழு சூட் ஒன்றுக்கே 26 போய்விடும். பின்னல் நூல் 2 அவுன்சுக்கு ஒரு கூப்பன் என்பதால், பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து நூலாக்கினால் கூப்பனே தேவைப்படாது. பிரித்த நூல் சுருண்டு நிற்பதால், கண்டாகச் சுற்றி நனைத்து, எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

சமையலில் அடுத்த கட்டம், போர் முடிந்த பிறகான 1946 ஜூலையின் பட்டியல். உலகெங்கும் தானியம் தட்டுப்பட்டதால், போர்க்காலத்தில் தொடாத ரொட்டிக்கும் அப்போதுதான் பங்கீடு வந்தது. இதுவரை எந்தப் பற்றாக்குறையையும் நான் ரொட்டியால் நிரப்பிவந்திருப்பதால், என் வாரப் பட்டியலை முதலிலிருந்து மாற்றி எழுத வேண்டியிருக்கும்.